கணக்கு கசக்குமா?

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

ஆண்டு மலரில் கணக்கைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுத்த பக்கங்களில் கோலமும் விடுகதையும் சமையற்குறிப்பும் காத்திருக்கின்றன என்பது எங்களுக்கும் தெரியும். அவை எங்கும் ஓடிவிடா. சற்று எங்களோடு இருங்கள்.

இவ்வாண்டு வெள்ளிக்கிழமை தோறும் கடைசிப் பாடவேளையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்கும் பணியை எங்கள் கணக்கு சிஸ்டர் எங்களிடம் ஒப்படைத்தார்கள். வேப்ப மரத்தடியில் ஆளுக்கு நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று ராகம் போட்டுச் சொல்லிவந்த சிறுமி ஒருத்தி, ஏழெட்டு ஐம்பத்தாறில் வந்து நின்றாள். மறந்துவிட்டது என்று நினைத்தோம். மறக்கவில்லை. "அக்கா, ஏழெட்டு ஏன் ஐம்பத்தாறு? ஐம்பத்தஞ்சா இருந்தா என்ன?" என்று கேட்டாள்.

நாங்கள் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "அது அப்படித்தான், மேலே சொல்லு" என்றோம். அவளும் சொன்னாள். மணி அடித்தது, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எங்களுக்கு வெட்கம். பத்தாண்டுகள் கணக்குப் படித்தவர்கள் நாங்கள். முக்கோணவியல் படிக்கிறோம், இருபடிச் சமன்பாடு தீர்க்கிறோம். ஏழெட்டு ஏன் ஐம்பத்தாறு என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு டப்பா புளியங்கொட்டை கொண்டுபோனோம். வரிசைக்கு எட்டாக ஏழு வரிசை அடுக்கச் சொன்னோம். பிறகு ஐந்து வரிசைக்குக் கீழே ஒரு குச்சியை வைத்துப் பிரித்தோம். மேலே ஐந்து எட்டு நாற்பது, கீழே இரண்டு எட்டு பதினாறு, ஆக 56. ஒரு கொட்டையை எடுத்தால்தான் ஐம்பத்தைந்து வரும், அப்போது ஒரு வரிசையில் பொக்கை விழுந்துவிடும். "ஓ, பல்லு போயிடும்" என்றாள் அவள். அவளுக்கும் முன்பல் ஒன்று இல்லை. அந்தக் குச்சிக்குத்தான் எங்கள் புத்தகத்தில் 'பங்கீட்டுப் பண்பு' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். குச்சியை முதலில் காட்டிவிட்டுப் பெயரைப் பிறகு சொல்லியிருந்தால் நாங்களும் அந்நாளிலேயே புரிந்துகொண்டிருப்போம்.

இதனால் மனப்பாடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இந்த விஷயத்தில் எங்கள் வகுப்பிலேயே இரண்டு கட்சி இருந்தது. மனப்பாடம் மூளையை மழுங்கச் செய்யும் என்று ஒரு கட்சி. நாங்கள் அதற்கு எதிர்க்கட்சி. காரணிப்படுத்தும் கணக்கின் நடுவில் ஏழெட்டு எவ்வளவு என்று புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தால் கணக்கு எங்கே போய்ச் சேரும்? வாய்ப்பாடு நாக்கில் இருக்கவேண்டும். அதன் காரணமும் ஒருமுறையாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். எங்கள் அம்மாக்கள் காலத்தில் தப்பாகச் சொன்னால் விரல்முட்டியில் ஸ்கேலால் ஓர் அடி விழுமாம். அந்த அடி இப்போது இல்லை. ஆனால் "உனக்குக் கணக்கு வராது" என்ற சொல் இருக்கிறதே, அது ஸ்கேலைவிட மோசம் என்பது எங்கள் கருத்து. அடியின் வலி சாயங்காலத்துக்குள் போய்விடும். அந்தச் சொல்லோ பதினொன்றாம் வகுப்பு சேரும் நாள் வரையில் கூடவே வருகிறது.

முதலில் இந்த வாய்ப்பாட்டுப் பயத்தைப் பார்ப்போம். ஒன்று முதல் பத்து வரை பெருக்கினால் நூறு விடைகள். நூறு என்றதும் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடுகிறது. மூவெட்டும் எண்மூன்றும் ஒன்றுதானே? அப்படி இரட்டையாக வருவதை நீக்கினால் 55தான் மிச்சம். ஒன்றாம் வாய்ப்பாட்டையும் பத்தாம் வாய்ப்பாட்டையும் யாரும் படிக்க வேண்டியதில்லை. இரண்டாம் வாய்ப்பாடு வெறும் இரட்டிப்பு. ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு எங்கள் ஊர்க் கோயிலே போதும்: கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து, நந்தி ஐந்து என்று பழமலைநாதர் கோயிலைப் பற்றி எங்கள் ஊர்ப் பாட்டிமார் விரல் மடக்காத நாளில்லை. ஒன்பதாம் வாய்ப்பாட்டைக் கையிலேயே வைத்திருக்கிறோம். பத்து விரலையும் விரியுங்கள். ஒன்பது நான்கு வேண்டுமானால் இடமிருந்து நான்காவது விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்கு இடப்புறம் மூன்று, வலப்புறம் ஆறு, 36. இது மந்திரமன்று. ஒன்பது நான்கு என்பது பத்து நான்கில் நான்கு குறைவு, அவ்வளவுதான். இவையெல்லாம் போக, 3, 4, 6, 7, 8 ஆகிய ஐந்து எண்களும் தமக்குள் பெருக்கிக்கொள்ளும் விடைகள்தாம் மிஞ்சுகின்றன. எண்ணிப் பாருங்கள், 15தான்! நூறு என்று பயந்தது பதினைந்தாகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்ன அன்று அவர்கள் கைதட்டினார்கள். எங்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நாங்களும் தட்டியிருப்போம்.

அன்று முதல் கேள்விகள் மழையாகப் பொழிந்தன. சுழி ஒற்றையா இரட்டையா? இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிட்டு மீதி வராவிட்டால் அது இரட்டை எண். சுழியைப் பங்கிட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை, மீதியும் இல்லை, ஆகவே இரட்டை. இருபுறமும் ஒற்றை எண்கள் காவல் நிற்பதிலிருந்தும் தெரியும். ஒன்று ஏன் பகா எண் அல்ல? இதற்கு எங்களுக்கே விடை தெரியாமல் சிஸ்டரிடம் ஓடினோம். 6 என்பதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 3 என்று ஒரே வழிதான். ஒன்றையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டால் 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே பிரிப்புத்தான் என்ற அழகு கெட்டுவிடும். ஆகவே ஒன்றை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். பாவம் ஒன்று.

சுழியால் ஏன் வகுக்கக்கூடாது என்று கேட்டபோது ராமானுஜன் நினைவுக்கு வந்தார். (அவர் இல்லாத கணக்குக் கட்டுரை உண்டா?) 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொன்னபோது, சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றா என்று கேட்டதாகச் சொல்வார்கள். சுழியை ஐந்தால் பெருக்கினாலும் சுழி, எழுநூறால் பெருக்கினாலும் சுழி. ஆகவே சுழியைச் சுழியால் வகுத்தால் ஐந்தும் சரி, எழுநூறும் சரி என்றாகிவிடும். எந்த விடையும் சரியென்றால் அது விடையே அன்று. அந்தச் சிறுவனிடம் "அது அப்படித்தான்" என்று சொல்லிப் பையை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தால்? டிசம்பர் 22ஐ 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோமே, அதோடு பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி எழுதிப் பெட்டியில் போடும்படி செய்தால் என்ன என்று நிர்வாகத்தாரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

எண்களின் பெயர்களிலேயே எத்தனை அதிசயம்! எட்டுக்குப் பக்கத்தில் எண்பது, எண்ணூறு. ஏழுக்கு எழுபது, எழுநூறு. ஒன்பதுக்கு மட்டும் தொண்ணூறு, தொள்ளாயிரம். தொண்ணூற்றுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. ஒன்பதின் வாலில் பத்து ஒளிந்திருக்கிறது. அடுத்த படியின் பெயரை ஒன்பது முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டது போலும்! தொல்காப்பியத்தில் ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்ற சொல்லே வருகிறது என்று தமிழாசிரியை சொன்னார்கள்.

பின்னத்தைக் கேட்டால் இன்னும் வியப்பு. பின்னம் என்றால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு நடுக்கம். ஆனால் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த நம் முன்னோர் வைத்திருந்த பின்னங்களைக் கேளுங்கள். நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நான்கு கால் ஒன்று. பெருக்கிப் பாருங்கள், முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியையும் முந்நூற்றிருபதாக வெட்டினால் கீழ்முந்திரி. அது 1,02,400இல் ஒரு பங்கு. மாகாணி என்ற பெயரைப் பாருங்கள்: மாவும் காணியும் சேர்ந்தது. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டினால் பதினாறில் ஒன்று. பெயரே ஒரு கூட்டல் கணக்கு! அதற்கே வீசம் என்றும் பெயர். ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் ரூபாயில் வீசம் ஓர் அணா. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபின் இந்தச் சொற்கள் மெல்ல நம் வீட்டுப் பேச்சிலிருந்து நழுவிவிட்டன. தசமம் வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் அரைக்கால் என்று வாயால் சொல்லும்போதே காலில் அரை என்று காதுக்கு விளங்குகிறது. எட்டில் ஒன்று என்பதை அப்படி யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணும் வழி ஒன்று உண்டு. காம்பின் அருகே சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும். பண்ருட்டிக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு சோதிக்காமல் விடலாமா? எங்களில் ஒருத்தி வீட்டுக்குப் பழம் வந்தபோது கூடிவிட்டோம். முள் 60, ஆக 72 சுளை இருக்கவேண்டும். வெட்டி எண்ணினோம்: 64. சூத்திரம் தோற்றது என்று சொல்லத்தான் வாயெடுத்தோம். ஆனால் எண்ணிக்கொண்டிருந்தபோதே அவளுடைய தம்பி அருகில் உட்கார்ந்திருந்தான்; அவன் கையெல்லாம் பிசின். ஆகவே அந்தச் சோதனை செல்லாது என்று தீர்மானித்திருக்கிறோம். அடுத்த பழத்துக்குத் தம்பியை வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்குவதாக உத்தேசம்.

மறைக்கல்வி வகுப்பிலும் ஓர் எண் கிடைத்தது. யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் வலையில் அகப்பட்ட பெரிய மீன்கள் 153 என்று வருகிறது. ஒன்று முதல் பதினேழு வரை கூட்டிப் பாருங்கள், 153. இதைப் புனித அகுஸ்தினார் அந்நாளிலேயே கவனித்து எழுதியிருக்கிறார். அதன் இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கனப்படுத்திக் கூட்டினால் 1 + 125 + 27, மறுபடியும் 153. இன்னும் ஒரு வேடிக்கை: மூன்றால் வகுபடும் எந்த எண்ணையும் எடுத்து இலக்கங்களின் கனங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 153இல் வந்து நிற்கும். 12ஐ எடுத்தோம்: 9, பிறகு 729, பிறகு 1080, பிறகு 513, பிறகு 153. நீங்கள் உங்கள் வகுப்பு எண்ணை வைத்துப் பாருங்கள்; மூன்றால் வகுபடாவிட்டால் பக்கத்துப் பெண்ணின் எண்ணைக் கடன் வாங்குங்கள்.

இனி எங்கள் ஊர்த் தொழிலுக்கு வருவோம். விருத்தாசலம் என்றால் வெளியூரார்க்கு ரயில் ஜங்ஷன், அல்லது பீங்கான். எங்களில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் செராமிக் கம்பெனிக்குப் போகிறார். கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சியதும் பிரித்தெடுத்து, காயவைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைக்கிறார்கள். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்குகிறது. எவ்வளவு என்பது கலவையைப் பொறுத்தது. கணக்குக்காக நீளத்தில் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வெந்து வரும் பொம்மை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கவேண்டும். அச்சு எவ்வளவு உயரம்? எங்கள் வகுப்பில் கேட்டபோது ஏறக்குறைய எல்லாரும் 11 என்றோம். பத்து விழுக்காடு சுருங்கும், ஆகவே பத்து விழுக்காடு கூட்டு! தவறு. 11இல் பத்து விழுக்காடு போனால் 9.9தான் வரும். 10ஐ 0.9ஆல் வகுத்து 11.1 என்று வைக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர்தானே என்கிறீர்களா? ஊறுகாய் ஜாடியின் மூடிக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், உட்காராமல் ஆடுவதற்கு.

இதைவிட எங்களை அதிரவைத்தது அடுத்த கணக்கு. நீளம் பத்து விழுக்காடு குறைந்தால் குவளையின் கொள்ளளவும் பத்து விழுக்காடுதான் குறையும் என்று நினைப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகின்றனவே! 0.9 × 0.9 × 0.9 = 0.729. நூறு மில்லி பிடித்த ஈரக் குவளை, வெந்து வெளியே வரும்போது எழுபத்துமூன்று மில்லிகூடப் பிடிக்காது. 'கனம்' என்ற சொல்லை எட்டாம் வகுப்பிலிருந்து எழுதிவருகிறோம். அது கையில் பிடிக்கும் பொருள் என்று அன்றுதான் தெரிந்தது. இவ்வளவு கணக்கு சூளைக்குள் வெந்துகொண்டிருக்கும் ஊரில் பிள்ளைகள் கணக்கைக் கண்டு அஞ்சுவதா?

இப்போது சொல்லப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநேரம் பேசினோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் பெயரும் இடத்தின் பெயரும் வராமல் எழுத அனுமதி தந்தாள்.

அவளுடைய அம்மா அகல் விளக்குக்குப் பிசிறு தட்டி, ஈரப்பஞ்சால் துடைத்து அடுக்கும் வேலை செய்கிறார். கூலி டஜன் கணக்கு. மாலையில் எண்ணி டஜன்களை நோட்டில் எழுதுவார்கள். டஜனுக்குக் குறைந்து மிஞ்சுவது 'சில்லறை'. அதை எழுதும் வழக்கம் இல்லை. பத்துப் பதினொரு விளக்குக்கு யார் கணக்குப் பார்ப்பது? ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம்: தினமும் முடித்த எண்ணிக்கையை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கிழிக்காமல் வைப்பார்.

எங்கள் புத்தகத்தின் இரண்டாம் பாடத்தில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம் வருகிறது. எந்த எண்ணை வகுத்தாலும் மீதி வகுத்தியைவிடச் சிறியதாகத்தான் இருக்கும் என்பது அதன் சாரம். இதற்கு ஒரு தேற்றமா என்று நாங்கள் சிரித்தோம். தோழி சிரிக்கவில்லை. அன்றிரவு நாட்காட்டியை எடுத்து, ஒவ்வொரு நாள் எண்ணிக்கையையும் 12ஆல் வகுத்து, மீதியை மட்டும் தனியே எழுதினாள். ஏழு, பதினொன்று, இரண்டு, எட்டு... அந்த மாதத்தில் வேலை நாள் 26. மீதிகளைக் கூட்டினாள்: 151. பன்னிரண்டு டஜனும் ஏழு விளக்கும்.

ஒருநாளும் பதினொன்றைத் தாண்டாத மீதி, மாதத்தில் ஒரு குரோஸைத் தாண்டிவிட்டது. பிறகு சிஸ்டரிடம் காட்டியபோது அவர்கள் சற்றுநேரம் பேசவேயில்லை. அப்புறம் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள்: மீதி 0 முதல் 11 வரை எதுவும் வரலாம், சராசரி ஐந்தரை, 26 நாளுக்கு 143. யாருக்குக் கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய இதே அளவு வரும் என்றார்கள். அந்த இடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தோழி மனத்துக்குள் பெருக்கியிருக்கவேண்டும். எங்களிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது முதலில் அவர் பயந்தார். "பத்து விளக்குக்கு வாயைத் திறந்தா நாளைக்கு வேலைக்கு வராதேன்னுடுவாங்க, சும்மா இருடி" என்றாராம். இரண்டு நாள் கழித்து அவரே ஒரு வழி கண்டார். பணம் கேட்கவில்லை. "இன்னிக்கு மிஞ்சினத நாளைக் கணக்கோட சேத்து எண்ணிக்குங்க சார்" என்று மட்டும் கேட்டார். கூட்டல் கணக்கில் நாம் செய்வது அதுதானே? ஒன்றின் இடத்தில் மிஞ்சுவதை அடுத்த இடத்துக்கு எடுத்துப் போகிறோம், அழித்தா விடுகிறோம்? மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார். அவர் ஏமாற்றினார் என்று நாங்கள் சொல்லவில்லை. யாரும் வகுத்துப் பார்க்காததால் ஒரு வழக்கம் வழக்கமாகவே இருந்துவிட்டது. போன மாதங்களின் மீதி போனதுதான்.

பெரியவர்களிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊர் மணிமுத்தாற்றின் கதையை அவர்கள் மறந்துவிட்டார்களா? சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம். இறைவனே தந்த பொன் என்றாலும் அதில் ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு, குளத்தில் எடுத்ததை அதோடு உரைத்துப் பார்த்துத்தான் வாங்கினாராம்! அந்த அம்மாவின் நாட்காட்டித் தாளும் ஒரு மச்சம்தான்.

செல்போனில் கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. தோழி வீட்டிலும் செல்போன் இருந்தது. அதனிடம் மீதியைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே!

இப்போது எங்கள் முன் நிற்பது பதினொன்றாம் வகுப்பு. வீடுகளில் பேச்சு தொடங்கிவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு குரூப் எதுக்கு, கஷ்டம்" என்பது எங்களில் பலரும் கேட்ட வசனம். எல்லாரும் கணிதப் பிரிவில் சேரவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வரலாறு பிடித்தவள் வரலாறு படிக்கட்டும், வணிகவியல் பிடித்தவள் அதைப் படிக்கட்டும். பிடித்து எடுப்பது வேறு, பயந்து விடுவது வேறு. பயத்தை ஊட்டுபவர்கள் தயவுசெய்து சில பெயர்களைக் கேளுங்கள்.

இத்தாலியின் மிலான் நகரில் மரியா அக்னேசி என்ற பெண் 1748இல் இளைஞர்களுக்காக இரண்டு தொகுதிகளில் கணிதப் பாடநூல் எழுதினார். பிற்காலம் முழுவதையும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தந்தார். அமெரிக்காவில் கருணைச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த சிஸ்டர் மேரி செலின் ஃபாசன்மயர் 1940களில் செய்த ஆய்வை வைத்துத்தான், பல கணிதச் சமன்பாடுகளைக் கணினியே மெய்ப்பிக்கும் வழி பின்னால் பிறந்தது. எங்கள் சிஸ்டர்களுக்கே இது புதிய செய்தியாக இருந்தது; அவர்கள் முகத்தில் பெருமையைப் பார்க்கவேண்டுமே! நம் சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த பரிமளா, 2010இல் ஹைதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டில் முழு அவையின் முன் உரையாற்றினார். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் முதன்முதலாக ஒரு பெண், ஈரானின் மரியம் மிர்சாகானி, பெற்றார். 2022இல் உக்ரைனின் மரினா வியாசோவ்ஸ்கா. அவர் தீர்த்த கணக்கின் தொடக்கம் என்ன தெரியுமா? உருண்டைகளை நெருக்கமாக அடுக்குவது எப்படி என்பது. நம் கடைத்தெருவில் சாத்துக்குடி அடுக்குபவர் தினமும் போடும் கணக்கு!

விளக்குக் கணக்குப் போட்ட தோழி கணிதப் பிரிவு கேட்டிருக்கிறாள். அவளுடைய அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. அம்மா மட்டும், "அவ வகுத்துப் பாக்கட்டும்" என்றாராம். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகும். அப்பா இந்தப் பக்கத்தையும் படிப்பார் என்று நம்புகிறோம்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பொக்கைவாய்ச் சிறுமி மறுபடியும் வந்தாள். பல் பாதி முளைத்திருந்தது. "அக்கா, எல்லாத்தையும்விடப் பெரிய எண் எது?" என்றாள். இந்த முறை நாங்கள் தயாராக இருந்தோம். "நீ எதைச் சொன்னாலும் நாங்கள் அதோடு ஒன்று கூட்டிவிடுவோம்" என்றோம். கோடி என்றாள், கோடியே ஒன்று என்றோம். கோடி கோடி என்றாள். கோடி கோடியே ஒன்று என்றோம். சற்று யோசித்தாள்.

"அப்போ முதல்ல சொல்றவங்கதான் தோக்கறாங்க. அடுத்த வாரம் நீங்க முதல்ல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.